க்னோமா, பிளாஸ்மாவா: முடிவை யாரிடம் விடுவது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத, ஆனால் இன்னும் நல்ல நிலையில் இருக்கிற கணினிகள் பல வீடுகளில் கிடக்கின்றன. அவற்றில் லினக்ஸ் போடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த டிஸ்ட்ரோ நல்லது?", அதாவது லினக்ஸைத் தொகுத்துத் தருபவற்றில் எது நல்லது என்றுதான். அதைவிடப் பெரிய கேள்வி, எந்த டெஸ்க்டாப் (மெனு, பேனல், விண்டோக்கள் எல்லாம் அடங்கிய திரைச் சூழல்) என்பது. கணினியைத் திறந்ததிலிருந்து மூடும்வரை நம் கண்ணும் கையும் பழகுவது அதோடுதான். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் மூன்றிலுமே க்னோமும் கிடைக்கும், கேடிஇ குழுவின் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவும் கிடைக்கும். இந்த இரண்டில் எதை எடுப்பது என்று பார்ப்போம்.

இரண்டும் கட்டற்ற மென்பொருள், இரண்டுக்கும் காசு கிடையாது, ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரேஆபீஸும் இரண்டிலும் நன்றாகவே ஓடும். ஒரு காரியத்தை இரண்டு விதமாகச் செய்யலாம் என்றால் எந்த விதம் என்று தீர்மானிப்பது யார் என்ற இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. அதை வடிவமைத்தவர் என்கிறது க்னோம். பயன்படுத்துபவர் என்கிறது பிளாஸ்மா. இதை அழகுக்கும் சுதந்திரத்துக்கும் நடக்கிற சண்டையாகவே பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவெடுப்பது ஒரு வேலை. அந்த வேலையை யாராவது செய்தே ஆக வேண்டும். அதை யார் தலையில் வைக்கிறோம், அதற்கான விலையை எப்போது கொடுக்கிறோம் என்று பார்த்தால் தேர்வு எளிதாகிவிடும்.

கேடிஇ 1996 அக்டோபர் 14 அன்று தொடங்கியது. யூனிக்ஸ் கணினிகளில் ஒவ்வொரு பயன்பாடும் ஒவ்வொரு தினுசாக இருக்கிறது, சாதாரண ஆட்கள் பயன்படுத்தும்படி ஒரே சீரான டெஸ்க்டாப் வேண்டும் என்று ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் அழைப்பு விடுத்தார். அவர் அடித்தளமாக எடுத்துக்கொண்ட க்யூட் என்ற நிரல் நூலகத்தின் உரிமம் அப்போது முழுக்கக் கட்டற்றதாக இல்லை. அதற்கு மாற்று வேண்டும் என்று 1997 ஆகஸ்டில் மிகெல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். ஆக, பிரிவு வந்தது உரிமத்தால். இன்று எதையும் மாற்ற விடாது என்று பெயரெடுத்த க்னோம், முதல் பதிப்பில் விண்டோ மேனேஜரையே (விண்டோக்களை வரைந்து நகர்த்தும் பகுதியையே) நம் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ள விட்டது.

திருப்பம் 2002-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் க்னோம் 1.4-ஐப் பழக்கமில்லாதவர்களிடம் கொடுத்து, அவர்கள் எங்கெல்லாம் தடுமாறுகிறார்கள் என்று பார்த்தது. 2002-இல் ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் இருந்த ஹாவாக் பென்னிங்டன், செட்டிங்ஸில் சேர்க்கும் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை உண்டு என்று விரிவாக எழுதினார். அதே ஆண்டு ஜூனில் வந்த க்னோம் 2.0, அதுவரை இருந்த தேர்வுகளில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தது. பென்னிங்டன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. பல நேரங்களில் ஒரு தேர்வைச் சேர்ப்பது, பழுதைச் சரிசெய்யாமல் தப்பிப்பதற்கான வழி. எது சரி என்று குழுவுக்குள் ஒத்துவரவில்லை, சரி, ஒரு டிக் பெட்டி வைத்துவிடுவோம் என்று முடித்துவிடுகிறார்கள். அந்தச் சண்டையைத் தீர்க்கிற பொறுப்பு பயனர் தலையில் விழுகிறது.

கணக்கும் அவர் பக்கம்தான். ஆம், இல்லை என்று இரண்டே நிலை கொண்ட 10 தேர்வுகள் இருந்தால் 1,024 சேர்க்கைகள். 20 ஆனால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். இத்தனையையும் எந்தக் குழுவாலும் சோதித்துப் பார்க்க முடியாது. உங்கள் கணினியில் இருக்கிற குறிப்பிட்ட சேர்க்கையை உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான் சோதிக்கிறீர்கள் என்ற நிலைமைகூட வரலாம்.

நல்ல நிலையில் இருக்கிற க்னோமைப் பயன்படுத்திப் பார்த்தால் இந்த வாதத்தின் பலன் தெரியும். சூப்பர் விசையை (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) அழுத்தினால் திறந்திருக்கும் எல்லா விண்டோக்களும் ஒரே பார்வையில் விரியும். அப்படியே பெயரைத் தட்டினால் பயன்பாடு திறக்கும். டச்பேடில் மூன்று விரலால் தள்ளினால் அடுத்த பணியிடம். டெஸ்க்டாப்பில் ஐகான் குவியல் கிடையாது, மூலையில் எதுவும் மினுக்காது. க்னோமுக்காகவே எழுதப்பட்ட பயன்பாடுகளில் தலைப்புப் பட்டை, மெனு, பொத்தான்கள் எல்லாம் எதிர்பார்த்த இடத்தில் இருக்கும், ஏனென்றால் அவற்றை எழுதியவர்கள் ஒரே வழிகாட்டியைப் பின்பற்றினார்கள். 2022-இல் க்னோம் 42-ஓடு வந்த லிப்அட்வைட்டா என்ற நிரல் நூலகம் இதை இன்னும் இறுக்கியது. தீம் மாற்றி விளையாடுகிறவர்களுக்கு அது கோபத்தைத் தந்தது உண்மை. ஆனால் ஒரு பயன்பாட்டை எழுதுகிறவர், இது பயனர் திரையில் எப்படித் தெரியும் என்று உறுதியாகச் சொல்ல முடிகிற நிலை அதனால்தான் கிடைத்தது.

சரி, அந்த ஒரு குழு தவறான முடிவு எடுத்தால்? க்னோமின் வரலாற்றில் அதற்கும் உதாரணங்கள் உண்டு. 2004-இல் வந்த 2.6 பதிப்பில் ஃபைல் மேனேஜர் ஒவ்வொரு கோப்புறையையும் தனி விண்டோவில் திறக்கத் தொடங்கியது. ஐந்து அடுக்கு உள்ளே போனால் ஐந்து விண்டோ. கொள்கையளவில் அதற்கு நியாயம் இருந்தது: உண்மையான பொருளுக்கு ஓர் இடம் இருப்பதுபோலக் கோப்புறைக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்றார்கள். பழகியவர்கள் குறைவு. 2010-இல் வந்த 2.30-தான் இயல்புநிலையை (நாம் எதையும் மாற்றாதபோது இருக்கும் அமைப்பை) பழையபடி மாற்றியது. 2011 ஏப்ரலில் க்னோம் 3.0 வந்தபோது மினிமைஸ் பொத்தான் போய்விட்டது. மெனுவில் கணினியை அணைக்கும் வழியே கண்ணில் படவில்லை. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால்தான் தெரியும். மடிக்கணினியை யாரும் அணைப்பதில்லை, உறங்க வைப்பார்கள் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். மின்வெட்டும் பழைய பேட்டரியும் உள்ள ஊரில் கணினியை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் அந்த எண்ணத்தில் இடம்பெறவே இல்லை. 2012-இல் 3.6 அதைச் சரிசெய்தது. அதே 3.6-இல் ஃபைல் மேனேஜரை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வசதியை எடுத்தார்கள்.

இவற்றைவிடப் பேசப்பட்டது, கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் படங்களைச் சிறுபடங்களாகக் காட்டும் வசதி. ஒரு மின்னஞ்சலில் நாலு புகைப்படம் இணைக்க வேண்டும் என்றால் கோப்பின் பெயரை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. 2004-இல் பதிவான அந்தக் கோரிக்கை 2023 மார்ச்சில் க்னோம் 44-இல்தான் நிறைவேறியது. இதைப் பிடிவாதம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். பழைய நிரலின் அமைப்பும் ஆள் பற்றாக்குறையும் இதில் சேர்ந்திருக்கின்றன. ஆனாலும் பயனருக்கு விளைவு ஒன்றுதான். ஒருவர் முடிவெடுக்கும் டெஸ்க்டாப்பில் அந்த முடிவு உங்களுக்குப் பொருந்தாவிட்டால் காத்திருப்பதைத் தவிர வேறு வழி குறைவு.

காத்திருக்க மனமில்லாதவர்கள் பிரிந்து போனார்கள். க்னோம் 2-ஐ அப்படியே எடுத்துத் தொடர்ந்தது மேட்டே என்ற டெஸ்க்டாப். லினக்ஸ் மின்ட் குழு சின்னமன் என்ற டெஸ்க்டாப்பை உருவாக்கியது, பிரித்துப் பார்க்கும் வசதிக்காக நீமோ என்ற ஃபைல் மேனேஜரையும் தனியாகப் பிரித்தது. உபுண்டு தன் சொந்த டெஸ்க்டாப்பான யூனிட்டியை 2017-இல் கைவிட்டு க்னோமுக்குத் திரும்பியது, ஆனால் இடது ஓரத்தில் எப்போதும் நிற்கும் டாக்கைத் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது. இதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். க்னோமை மிக அதிகம் பேரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் டிஸ்ட்ரோக்களில் ஒன்றே அதை அதன் மூல வடிவில் தருவதில்லை. மூல வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். உபுண்டுவை வைத்து க்னோமை எடைபோடுவது க்னோமுக்கு நியாயம் இல்லை.

இப்போது பிளாஸ்மா. இதில் எதையெல்லாம் மாற்றலாம் என்று பட்டியல் போட்டால் முடியாது. அதில் விண்டோக்களை நிர்வகிக்கும் கே-வின்னின் விண்டோ விதிகளை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தினமும் ஒரே மாதிரியான வேலை செய்கிறவர்களுக்கு அது தரும் நிம்மதி பெரிது. கணக்கு மென்பொருள் எப்போதும் இரண்டாவது திரையில், இந்த அளவில் திறக்க வேண்டும். உரையாடல் பெட்டி எப்போதும் மற்றவற்றுக்கு மேலே நிற்க வேண்டும். இந்த விண்டோ டாஸ்க்பாரில் தெரியவே கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விதி எழுதலாம். ஒருமுறை எழுதிவிட்டால் அப்புறம் அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. டால்பின் ஃபைல் மேனேஜரில் எஃப்3 அழுத்தினால் இரண்டாகப் பிரியும், எஃப்4 அழுத்தினால் கீழேயே டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் பெட்டி) திறக்கும். க்னோம் 2012-இல் எடுத்துப்போட்ட வசதி இங்கே ஒரு விசையில் இருக்கிறது, வேண்டாதவர் கண்ணில் அது படுவதும் இல்லை.

விலை இல்லாமல் இது வரவில்லை. 2008 ஜனவரியில் வந்த கேடிஇ 4.0 அரைகுறையாக இருந்தது. 2005-இல் கேடிஇயையே பயன்படுத்துங்கள் என்று ஊருக்குச் சொன்ன, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதனால் க்னோமுக்கு மாறினார். 2011-இல் க்னோம் 3-ஐப் பார்த்துவிட்டு அதிலிருந்தும் வெளியேறினார். பிளாஸ்மா 5 காலத்தில் இரண்டு திரை வைத்திருந்தவர்களுக்குப் பேனல் காணாமல் போவது, வால்பேப்பர் இடம் மாறுவது எல்லாம் பழகிப்போன தொல்லை. 2023 பிப்ரவரியில் வந்த 5.27-இல் அந்தப் பகுதியையே புரட்டிப்போட்டு எழுதிய பிறகுதான் பெரும்பாலும் அடங்கியது. 2024 மார்ச்சில் நடந்தது இன்னும் தீவிரமானது. கேடிஇயின் இணையக் கடையிலிருந்து இறக்கி நிறுவிய ஒரு குளோபல் தீம் (முழுத் தோற்றத்தையும் மாற்றும் தொகுப்பு), ஒரு பயனரின் சொந்தக் கோப்புகளை அழித்துவிட்டது. தீம் என்றால் வெறும் நிறமும் படமும் என்றுதான் நாம் நினைப்போம். பிளாஸ்மாவில் அது நிரலையும் இயக்க முடியும். எதையும் மாற்றலாம் என்று கதவைத் திறந்து வைத்தால், அந்தக் கதவு வழியாக வருகிற எல்லாவற்றையும் யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் கேடிஇ குழு கடந்த சில ஆண்டுகளில் ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது. தேர்வுகள் எவ்வளவு இருந்தாலும், பெரும்பாலானவர்கள் பார்ப்பது இயல்புநிலையை மட்டும்தான். நெடுங்காலமாகக் கேடிஇயில் கோப்பை ஒரு கிளிக்கில் திறப்பதே வழக்கம். வெளியிலிருந்து வருகிறவர்கள் ஒரு கோப்பைத் தேர்வுசெய்ய நினைத்துக் கிளிக் செய்தால் அது திறந்துகொள்ளும். 2024 பிப்ரவரி 28 அன்று வந்த பிளாஸ்மா 6-இல் இயல்புநிலையை இரட்டைக் கிளிக்காக மாற்றினார்கள். ஒரு கிளிக் வேண்டுமென்றால் செட்டிங்ஸில் அப்படியே இருக்கிறது. உறுதியான முடிவும் மாற்றும் உரிமையும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. க்னோமும் தன் பங்குக்கு இறங்கி வந்திருக்கிறது: பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்ட நிறத் தேர்வு, 2024 செப்டம்பரில் 47-ஆவது பதிப்பில் வந்தது.

எக்ஸ்டென்ஷன் என்ற இடைவழி

"க்னோமை எடு, பிடிக்காததை எக்ஸ்டென்ஷனால் (வெளியார் எழுதும் துணைநிரலால்) மாற்றிக்கொள்" என்பது அடிக்கடி கிடைக்கும் அறிவுரை. இதை நான் ஏற்கவில்லை. வாடகை வீட்டில் சுவரை இடித்து அலமாரி கட்டுவதைப் போன்றது அது. வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் அந்தச் சுவரையே எடுத்துவிடலாம். க்னோம் எக்ஸ்டென்ஷன்கள், பேனலையும் மெனுவையும் காட்டும் க்னோம் ஷெல்லின் நிரலுக்குள்ளேயே நுழைந்து அதை ஓடும்போதே மாற்றுகின்றன. நிலையான இடைமுகம் எதையும் க்னோம் வாக்குறுதியாகத் தருவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றிலும் சில எக்ஸ்டென்ஷன்கள் நின்றுபோகின்றன. 2023 செப்டம்பரில் வந்த 45-ஆவது பதிப்பு நிரலை ஏற்றும் முறையையே மாற்றியதால், பழைய எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலண்டில் (லினக்ஸில் திரையில் விண்டோக்களைக் காட்டும் புதிய முறை) க்னோம் ஷெல்லும் விண்டோக்களை வரையும் பகுதியும் ஒரே செயல்முறை, அதாவது ஒன்றாகவே ஓடும் ஒரே நிரல். தவறான எக்ஸ்டென்ஷன் ஷெல்லை வீழ்த்தினால் திறந்திருந்த எல்லாம் போய், லாகின் திரையில் நிற்பீர்கள். பிளாஸ்மாவில் பேனலும் விட்ஜெட்டும் ஓடுவது தனிச் செயல்முறையில். அது விழுந்தால் தானாக மறுபடி எழும், எழுதிக்கொண்டிருந்த கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

ஆகவே நான் சொல்லும் அளவுகோல் இது: 2017-இல் 3.26-ஓடு போன ட்ரே ஐகான்களை (பின்னணியில் ஓடும் பயன்பாடுகளைக் காட்டும் சிறு ஐகான்கள்) திரும்பக் கொண்டுவரும் எக்ஸ்டென்ஷன் ஒன்றும், அதிகபட்சம் இன்னொன்றும் போதும் என்றால் க்னோமில் இருங்கள். டாஸ்க்பாருக்கு ஒன்று, மெனுவுக்கு ஒன்று, ஐகானுக்கு ஒன்று என்று நாலைந்து போட்ட பிறகுதான் வேலை ஓடுகிறது என்றால், பிளாஸ்மாவைத்தான் துண்டு துண்டாகக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அசலுக்கே போய்விடுவது பாதுகாப்பு.

தமிழில் எழுதுகிறவருக்கு

இந்த இரண்டு வழிகளின் பலமும் பலவீனமும் நமக்கு நேரடியாகப் படும் இடம் தமிழ் தட்டச்சு. க்னோம், பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் ஒன்றையே தேர்ந்தெடுத்துத் தன் செட்டிங்ஸோடு பிணைத்துவிட்டது. தமிழ்த் தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பு நிறுவப்பட்டிருந்தால், விசைப்பலகைப் பக்கத்துக்குப் போய்த் தமிழ்99-ஐயோ ஒலிபெயர்ப்பு முறையையோ சேர்த்தால் போதும். சூப்பரும் ஸ்பேஸ்பாரும் அழுத்தி மொழி மாற்றலாம். வேறு எதையும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. பிளாஸ்மாவில் ஐபஸா, அதேபோன்ற இன்னொரு கருவியான எஃப்சிடிக்ஸ் 5-ஆ என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும். எஃப்சிடிக்ஸ் என்றால் அதை நிறுவி, வேலண்டில் செட்டிங்ஸின் மெய்நிகர் விசைப்பலகைப் பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்தால்தான் எழுத்து வரும். மெய்நிகர் விசைப்பலகை என்ற தலைப்பின் கீழே போய்த் தமிழ் உள்ளீட்டைத் தேட வேண்டும் என்று புதியவருக்கு எப்படித் தோன்றும்? இந்தப் பகுதியில் க்னோமுக்குத்தான் என் வாக்கு.

எழுத்தின் அளவுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட நெருக்கமான வளைவுகள் கொண்டவை. மெனுவையும் கோப்புப் பெயர்களையும் தமிழில் வைத்துக்கொண்டால் ஒரு புள்ளியாவது கூட்டினால்தான் கண் வலிக்காது. பிளாஸ்மாவின் செட்டிங்ஸில் எழுத்துருவையும் அளவையும் நேராக மாற்றலாம். க்னோமின் செட்டிங்ஸில் "பெரிய எழுத்து" என்ற ஒரே சுவிட்சுதான் கண்ணில் படும். நடுத்தரமான அளவு வேண்டுமென்றால் ட்வீக்ஸ் என்ற தனிப் பயன்பாட்டை நிறுவ வேண்டும். வயதானவர்கள் பயன்படுத்தும் கணினியாக இருந்தால் இது சின்ன விஷயம் இல்லை.

பொதுக் கணினி என்றால்

பள்ளி ஆய்வகம், நூலகம், அலுவலகம் போல ஒரு கணினியைப் பலர் தொடும் இடத்தில் கேள்வியே மாறிவிடும். அங்கே மாற்றும் உரிமை பயனருக்குத் தேவையில்லை, நிர்வகிப்பவருக்குத்தான் தேவை. "மேலே வலது மூலையைக் கிளிக் பண்ணுங்க" என்று ஃபோனில் சொன்னால் எல்லாக் கணினியிலும் அது அங்கேயே இருக்க வேண்டும். இதில் க்னோமுக்கு இயல்பான சாதகம். ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு ஆதரவு தரும் ரெட் ஹேட், 2019-இல் வந்த தன் டிஸ்ட்ரோவான ஆர்ஹெச்இஎல் 8-இலிருந்து கேடிஇயை நீக்கியதை இந்தக் கோணத்தில் புரிந்துகொள்ளலாம். ஆனால் பிளாஸ்மாவிலும் கியாஸ்க் என்ற வசதி உண்டு. பேனலை நகர்த்தவோ அமைப்புகளை மாற்றவோ முடியாதபடி நிர்வாகி பூட்டிவிடலாம். வால்வ் நிறுவனம் 2022-இல் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கணினியை வெளியிட்டபோது அதன் டெஸ்க்டாப் பயன்முறைக்கு பிளாஸ்மாவைத்தான் எடுத்தது. தனக்கென்று உறுதியான வடிவமைப்பு எண்ணம் உள்ளவர்களுக்கும், வளைந்து கொடுக்கும் கருவி உதவும்.

நினைவகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கேடிஇ கனமானது என்பது பழைய பேச்சு. இன்று இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எடுத்துக்கொள்கின்றன. கணினியில் 4 ஜிபி மட்டும் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு இலகுவான டெஸ்க்டாப்பான எக்ஸ்எஃப்சிஇ பக்கம் போவது நல்லது.

விண்டோஸிலிருந்து இப்போதுதான் வருகிறவர், ஒரே கணினியில் நாள் முழுக்க வேலை செய்கிறவர், தன் வேலை முறை என்ன என்று தெளிவாகத் தெரிந்தவர் ஆகியோருக்கு நான் பிளாஸ்மாவைத்தான் சொல்வேன். கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு என்று பழகிய இடத்தில் தொடங்கி, தேவை வரும்போது மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். டச்பேடும் கீபோர்டுமாக மடிக்கணினியில் எழுதுகிறவர், செட்டிங்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கவே விருப்பம் இல்லாதவர், பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தயங்காதவர் க்னோமை எடுக்கலாம். அவர்களுக்கு அந்தக் குழு எடுத்துக்கொடுத்த முடிவுகள் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும்.

நிறுவுவதற்கு முன் இரண்டையும் லைவ் யுஎஸ்பியில் (கணினியில் நிறுவாமலே ஓட்டக்கூடிய பென் டிரைவில்) ஓட்டிப் பாருங்கள். எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள், மாற்ற வேண்டும் என்று தோன்றுவதை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். அந்தத் தாள் எதைப் போடுவது என்று சொல்லிவிடும். நிறுவிய பிறகும் இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள விரும்பினால், இரண்டுக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு உருவாக்குங்கள். ஒரே கணக்கில் மாறி மாறி நுழைந்தால் தீம், எழுத்துரு, எந்தக் கோப்பை எந்தப் பயன்பாடு திறக்க வேண்டும் என்ற அமைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். அப்புறம் எந்தக் கோளாறு எந்த டெஸ்க்டாப்பால் வந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.